மூவிலைக்கு ஒரு மலை

வீராசாமிக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஒரு மலை சொந்தமாயிற்று. பதினாலு அடி உயரம். அவரே கட்டியது.

சின்னமருதந்தாங்கலில் அதற்கு முன் மலை கிடையாது. ஏரி உண்டு, ஏரிக்குக் கீழே நெல் உண்டு, நெல்லுக்கு நடுவே நாலு பனை உண்டு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்து நிற்கிற அளவுக்குச் சமமான பூமி. அந்த ஊரில் ஒருவன் மேலே ஏற ஆசைப்பட்டால், உத்திரமேரூருக்குப் போய் பஸ் ஏறி வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

மலை எதற்கு என்றால், ஒரு செடிக்கு.

எந்தப் பயிரையும் எந்த உயிரையும் அதன் பக்கத்தில் நின்று யோசிப்பது வீராசாமியின் குணம். அதுதான் அவரைப் பிடித்த கெடுதல் என்பாள் மனைவி மங்கம்மா. நாடெல்லாம் ஈமு வளர்த்த காலத்தில் அவரும் ஒன்று வளர்த்தார். ஒற்றையாக இருக்கிறதே, மனசு விட்டுப்போகாதா என்று கொட்டகையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். ஈமு கண்ணாடிக்குள் இருந்த ஈமுவோடு மூன்று நாள் முறைத்துக்கொண்டு நின்றது. நாலாம் நாள் கண்ணாடியை உதைத்து உடைத்து, வேலி தாண்டி, உத்திரமேரூர் பஸ்ஸுக்கு முன்னால் ஓடி மானாம்பதி வரைக்கும் அதற்கு வழி காட்டிக்கொண்டு போனது. அப்புறம் காட்டாமணக்கு. அதை நட்டுவிட்டு டீசல் வரும் என்று காத்திருந்தார். ஆடு கூட எட்டிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் அவருடைய சொந்த நிலத்தில் நடந்தவை. மங்கம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்த ஐம்பது சென்ட் மேட்டு நிலம் தனியாக இருந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அதில் ஒரு கீரை விதை போடக்கூட அவரை அவள் விட்டதில்லை. கேழ்வரகும் துவரையும் அவளே போட்டு அவளே அறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் தம்பி மோகன்குமார் செங்கல்பட்டிலிருந்து வாரம் ஒரு தரம் போன் பண்ண ஆரம்பித்திருந்தான். அந்த நிலத்தில் ப்ளாட் போடலாம், கல் நட ஆள் தயார், அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று.

அந்த நேரத்தில்தான் கிருத்திவாசன் வந்தான். காஞ்சிபுரத்தில் ஒரு மூலிகைக் கம்பெனியில் வேர் வாங்குகிற வேலை அவனுக்கு. பன்னிரண்டு விவசாயிகளை வேனில் ஏற்றி ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போய், பாறைக்கும் பாறைக்கும் நடுவே தானாக முளைத்திருந்த ஒரு செடியைக் காட்டினான். மூவிலை. ஒரு காம்புக்கு மூன்று இலை, இளஞ்சிவப்பில் பொடிப் பூ, தொட்டால் விரலில் பிசுக்கென்று ஒட்டுகிற காய். அவரை, துவரை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். ஆனால் காட்டில் வளர்ந்த பங்காளி. இதன் வேர்தான் மருந்துக்கு. காட்டில் தோண்டித் தோண்டி அருகிவிட்டது, இனிமேல் பயிர் வைத்தால்தான் உண்டு, நாற்று நாங்களே தருகிறோம் என்றான்.

"தண்ணி நிக்காத மேட்டு நிலமா இருந்தா போதும் சார்," என்றும் சொன்னான்.

பதினோரு பேர் அவன் சொன்னதைக் கேட்டார்கள். வீராசாமி செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடையை அதன் பக்கத்தில் ஊன்றி, எவ்வளவு சரிவில் நிற்கிறது என்று அளந்தார். எட்டு செடியை அளந்தார். எட்டும் சரிவில்தான் நின்றன.

வீட்டுக்கு வந்து மங்கம்மாவிடம், "அது பொறந்ததிலேர்ந்து சாஞ்சிக்கினே நின்னு பழகின செடி," என்றார். "சமமா வெச்சா அதுக்குத் தலை சுத்தும்."

மங்கம்மா முறத்தில் துவரையைப் புடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். தம்பியின் போனும் இவருடைய குடையும் சேர்ந்து அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. ஏதாவது ஒன்று முடிந்தால் தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ரெண்டு பொங்கல் வரைக்கும் என் நிலத்த எடுத்துக்க," என்றாள். "ரெண்டாவது பொங்கலுக்குள்ள உன் வேரு மூட்டையா வண்டி ஏறணும். ஏறலன்னா நிலத்த மோகன் கைல குட்த்துடுவேன். அப்புறம் நீ ஒண்ணியும் பேசக்கூடாது."

"நான் இன்னாத்துக்குப் பேசப்போறேன்."

"பேசுவ. ஈமுக்கே ஒரு வருசம் பேசின."

அந்தக் கோடையில் ஏரி தூர்வாரினார்கள். வயலுக்கு வண்டல் வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு அள்ளிக்கொள்ளலாம். எல்லோரும் வயலில் பரப்பினார்கள். வீராசாமி மங்கம்மாவின் மேட்டு நிலத்தில் ஒரே இடத்தில் கொட்டச் சொன்னார். டிராக்டர்காரன் பத்தாவது நடையில் சந்தேகப்பட்டான். இருபதாவது நடையில் கேட்டான். "இன்னா நைனா, கோயிலா கட்றீங்க?"

"மலை."

அவன் வண்டியைத் திருப்பினான். அறுபத்து மூன்று நடை அடித்தான்.

ஆடியில் அறுநூறு நாற்று நட்டார். ஜவ்வாது மலையில் அளந்த அதே சரிவு வருகிறதா என்று குடையை வைத்துப் பார்த்துப் பார்த்து நட்டார். சுற்றிலும் மீதி நிலத்தை வெறுமனே விட்டார். மலை என்றால் அடிவாரம் வேண்டாமா?

கிருத்திவாசன் வந்து அண்ணாந்து பார்த்தான். "சார், மேடுன்னுதான சொன்னேன்," என்றான்.

"மேடுதாம்பா. கொஞ்சம் நல்லாவே மேடு."

"வண்டல் வேற. தண்ணிய புடிச்சி வெச்சிக்கும் சார்."

"சரிவுல தண்ணி எங்க நிக்கும்? வழுக்கிக்கினு ஓடாதா?"

செடிகள் என்னவோ நன்றாகத்தான் பிடித்தன. சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. அந்த ஊரில் செல்போன் இருக்கிறது, டவர் எப்போதாவதுதான் எட்டும். யாரோ ஒருவன் ஆட்டைத் துரத்திக்கொண்டு மலை ஏறினவன் உச்சியில் இரண்டு கோடு டவர் கிடைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். மறுநாளிலிருந்து ஊரே மலை மேல். கல்யாணப் பேச்சு, ரேஷன் கார்டு ஓடிபி, மாமியார் சண்டை எல்லாம் அங்கேதான் நடந்தன. வீராசாமி செடிக்குச் செடி குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"வேருப்பா. வேரு நசுங்கும். கீள நின்னு பேசு."

"கீள டவரு இல்லியே சித்தப்பா."

"அப்ப கத்திப் பேசு."

கடைசியில் ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும், இரண்டு நிமிஷம், செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். வேரை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் மலையடியில் வரிசையாகச் செருப்பு கிடப்பதை ஆண்டாளம்மாள் பார்த்துவிட்டாள்.

ஆண்டாளம்மாள் வீராசாமிக்கு அத்தை முறை. நாமம் போடுகிற வீடு. ஆனால் முட்டிவலிக்கு மட்டும் சிவன்தான் என்று பத்து வருஷமாக மாதாமாதம் திருவண்ணாமலை போய்க் கிரிவலம் வந்துகொண்டிருந்தவள். முட்டி இன்னும் மோசமாகிப் போன வருஷம்தான் நிறுத்தியிருந்தாள்.

"எத்தினி நடை மண்ணுடா அடிச்ச?" என்று கேட்டாள்.

"அறுவத்து மூணு அத்த."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாயன்மாரு கணக்கு. ஒனக்கே தெரியாம வந்துகீது பாரு."

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் தனியாக வந்து மலையைச் சுற்றினாள். ஒரு சுற்று நாற்பத்தைந்து மீட்டர். திருவண்ணாமலையில் பதினாலு கிலோமீட்டர். ஆக முந்நூற்றுப் பதினொரு சுற்று வந்தால் சரியாகப்போகும் என்று பேரனிடம் கணக்குப் போட்டு வாங்கி, அவ்வளவு புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாற்பது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், மலை எங்கேயும் போகாது என்றாள். அடுத்த பௌர்ணமிக்கு எட்டுப் பெண்கள். அதற்கடுத்த பௌர்ணமிக்குத் திருமுக்கூடலிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது.

வீராசாமிக்கு இது பெரிய பேஜாராகப் போயிற்று. சுற்றுகிறவர்கள் செடியைத் தொடவில்லை என்பது உண்மை. சும்மா சுற்றிவிட்டு அடிச்செடியில் ஆளுக்கு ஒரு கொத்து காயைப் புடவையில் ஒட்டவைத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அவருடைய பயம் வேறு. மங்கம்மாதான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"கிளங்கு மாரிதான இது? தோண்டித்தான எடுக்கணும்?"

"ஆமா."

"சாமி மலையத் தோண்ட வுடுவாங்களா?"

முதல் பொங்கல் வந்து போனது. வேர் இன்னும் சுண்டுவிரல் கனம்தான். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று வீராசாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்தாற்போல் கிராம நிர்வாக அலுவலர் தமிழ்ச்செல்வி வந்தாள். புதுசாக வந்த பெண், எதையும் தப்பாக எழுதிவிடக்கூடாது என்று பயப்படுகிற பெண். யார் நிலத்தில் என்ன பயிர் என்று செல்போனில் ஏற்ற வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிக்குப் போய், பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"ஐயா, மூவிலைன்னு பயிரே இதுல இல்ல."

"துவரன்னு போட்டுக்கம்மா. சொந்தக்காரங்கதான்."

"அது முடியாதுங்க. சரி, அத விடுங்க. நான் இப்ப நிக்கிறது என்னது?"

"மலை."

அவள் முகம் மாறியது. "ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. கிராமப் படத்துல இங்க மலை இல்ல. மலைன்னு நான் எழுதினா அது புறம்போக்குல வரும். மலையெல்லாம் அரசாங்கத்தோடது."

வீராசாமி சட்டென்று கீழே பார்த்தார். ஆண்டாளம்மாள் பன்னிரண்டாவது சுற்றில் போய்க்கொண்டிருந்தாள்.

"மண்ணு குவியல்மா," என்றார், குரலைத் தணித்துக்கொண்டு. "வெறும் குவியல்."

"எழுதிக் கொடுங்க."

"என் மனைவியின் நிலத்தில் உள்ளது மலை அல்ல என்று உறுதி கூறுகிறேன்" என்று எழுதி, மங்கம்மாவும் அவருமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதே வாரத்தில் ஆண்டாளம்மாள் ஆட்களோடு வந்தாள். வருகிற கார்த்திகைக்கு உச்சியில் கொப்பரை வைத்துத் தீபம் ஏற்றப்போகிறோம், நன்கொடை நோட்டீஸ் அடிக்க வேண்டும், "இது மலைதான்" என்று நிலத்துக்காரி ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

"தீவம் ஏத்தினா செடி இன்னா ஆவறது அத்த?"

"சாமிக்கு முன்னாடி செடி இன்னாடா செடி?"

"சாமியே செடிக்காகத்தான் வந்துகீறாரு. நான் மண்ணு கொட்டலன்னா அவரு எங்க வந்து நிப்பாரு?"

கையெழுத்து இல்லாமலே ஆண்டாளம்மாள் கொப்பரைக்கு விலை விசாரிக்கக் கிளம்பினாள். அந்த மழைக்காலம் முழுக்க வீராசாமி இரண்டு வேலை பார்த்தார். ஆபீசில் இது மலை இல்லை என்று நம்பவைப்பது ஒன்று. செடியை இது மலைதான் என்று நம்பவைப்பது இன்னொன்று. இரண்டாவது வேலைக்காக மலையைச் சுற்றி ஜவ்வாதுப் பக்கத்துக் கல் நாலைக் கொண்டுவந்து புதைத்தும் வைத்தார்.

கார்த்திகைக்கு மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்தது. ஏரி வண்டல் தண்ணீரைக் குடித்துக் குடித்து மாவு மாதிரி ஆயிற்று. இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, மங்கம்மா நாஷ்டாவுக்குக் கூப்பிட வந்து நின்றபோது, மலை மெதுவாக, அவசரமே இல்லாமல், தூக்கம் வந்த ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

ஆண்டாளம்மாள் குடையோடு வந்து பார்த்தாள். நின்ற மலை இப்போது நீளவாக்கில் கிடந்தது. ஒரு பக்கம் தலை போல உயர்ந்து, மறுபக்கம் கால் போல இறங்கி.

"படுத்துக்கிச்சி," என்றாள். தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுக் கைகூப்பினாள். "நான்தான் தப்பா நென்சிக்கினேன். இது ஈஸ்வரன் இல்ல. நம்ம பெருமாளு. நின்னுக்கினு இருந்தவரு சயனத்துக்குப் போய்ட்டாரு. கொப்பர வேணாம்."

சுற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. பெருமாளையும் வலம் வரலாம்.

வீராசாமி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. சேற்றில் முட்டிபோட்டு ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் ஊறின கயிறு மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. இருபது செடி பிடுங்கிவிட்டு எழுந்து நின்றார். முட்டியிலிருந்து சேறு வழிந்தது. பொங்கலுக்கு ஒன்றரை மாசம்.

"தண்ணி நிக்காதுன்னு நென்சேன்," என்றார்.

மங்கம்மா புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். மழை விட்டதும் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மோகன்குமாருக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, பேசமாட்டேன் என்று கொடுத்த வாக்கின்படி பேசாமல் நின்றார்.

படுத்த மலையில் டவர் இல்லை. மங்கம்மா போனை உயரத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி நடந்தாள். ஒரு கோடு வந்தது, போனது. கால் வழுக்கியது. விழாமல் இருக்கப் பாதையோரத்துச் செடி ஒன்றைக் கொத்தாகப் பிடித்தாள். அவள் கனமான மனுஷி. செடி வேரோடு வந்துவிட்டது, அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

வீராசாமி தூக்கிவிட ஓடிவந்தார். வந்தவர் அவளைத் தூக்கவில்லை. அவள் கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு முழ நீளம் வேர். பெருவிரல் கனம். நகத்தால் கீறினார், உள்ளே வெளுத்த நிறம், அழுகல் இல்லை. மூக்கில் வைத்தார். ஜவ்வாது மலையில் முகர்ந்த அதே வாசனை.

"என்னிய தூக்கிட்டு அப்புறம் மோந்து பாரு," என்றாள் மங்கம்மா.

பாதையின் இரண்டு ஓரமும் பார்த்தார்கள். முட்டி உயரத்துக்கு, வேலி கட்டினாற்போல, நெருக்கமாக மூவிலை. அடிவாரம் முழுக்க அதுதான். சமமான பூமி. ஒரு செடியாவது சாயவில்லை. எல்லாம் ஆணி அடித்த மாதிரி நேராக நின்றன. இத்தனை நாள் வீராசாமி மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

கிருத்திவாசன் வந்து நாலைந்து வேரை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதோட விதைக்குத் தோல் கெட்டி சார். சும்மா போட்டா நூத்துக்குப் பத்து முளைக்கும். நாங்க மணல்ல போட்டுத் தேய்ப்போம். இங்க புடவையில ஒட்டின காயெல்லாம் உதிர்ந்து, எத்தனை பேர் வெறுங்கால்ல மிதிச்சிருக்காங்க பாருங்க. இந்த அளவுக்குத் தேய்க்க எங்க கம்பெனில ஆளே இல்ல." தோண்டிக் கழுவிக் காயவைத்தால் போகிக்கு வண்டி அனுப்புவதாகச் சொன்னான்.

மார்கழி பாதியில் கடப்பாரையோடு போனார்கள். ஆண்டாளம்மாள் குறுக்கே நின்றாள்.

"சாமி சுத்தற பாதய வெட்டக்கூடாது."

"பாதயில இல்ல அத்த. ஓரத்துல."

"ஓரமும் பாததான்."

வீராசாமி வாயைத் திறந்தார். மங்கம்மா அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "நின்னு வெட்டக்கூடாது. அப்டித்தான அத்த?"

"அப்டித்தான்."

"சுத்திக்கினே வெட்டினா?"

ஆண்டாளம்மாள் யோசித்தாள். இதற்கு எந்தச் சாஸ்திரத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. "வலமா?"

"வலமாத்தான்."

"செருப்பு?"

"போடல."

"அப்ப அது உங்க வேண்டுதலு," என்று விலகினாள். "நான் யாரு கேக்க."

அப்படித்தான் மூவிலை அறுவடை ஆயிற்று. முதல் சுற்றில் கடப்பாரையால் ஒரு குத்து, இரண்டாம் சுற்றில் இன்னொரு குத்து, மூன்றாம் சுற்றில் மங்கம்மா பிடுங்குவாள். நிற்கக்கூடாது. விட்டுப்போன செடிக்குத் திரும்பிப் போகவும் கூடாது. இன்னொரு சுற்று வந்துதான் எடுக்க வேண்டும். பின்னால் வருகிற பக்தர்கள் வழி கேட்டு நச்சரித்தார்கள். திருமுக்கூடல் ஆட்டோக்காரர் இதுவும் ஒரு சடங்கு என்று எண்ணி, மூன்று செடி பிடுங்கி மங்கம்மாவின் கூடையில் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் முதல் எல்லோரும் மூன்று செடி பிடுங்கினார்கள்.

மார்கழி கடைசியில், வேர் பிடுங்கி முடியாத ஒரு காலையில், மோகன்குமார் அளவு டேப்போடு வந்து இறங்கினான். மலை விழுந்த சேதி செங்கல்பட்டு வரைக்கும் போயிருந்தது.

"அக்கா, ஒரு நிமிசம் நில்லு. பேசணும்."

"நிக்கக்கூடாதுடா. கூட வா."

"செருப்பக் கயட்டு," என்று ஆண்டாளம்மாள் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

அவன் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவின் பின்னால் நடந்தான். கிழக்குப் பக்கம் வரும்போது ரோடு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று சொன்னான். மேற்குப் பக்கம் வரும்போது கார்னர் ப்ளாட்டின் மகிமையைச் சொன்னான். முன்னால் கடப்பாரையோடு போன வீராசாமி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குத்து தப்பிக் கல்லில் பட்டது. அவருக்குக் காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது.

பதினேழாவது சுற்றில் மோகன்குமாருக்கு மூச்சு வாங்கியது. "ஏதாவது சொல்லுக்கா. நீ சொன்ன மாரி வேரு வண்டி ஏறிடுச்சா இன்னா? பொங்கலுக்கு இன்னும் நாலு நாளுதான் கீது."

"நேத்தே ஆறு மூட்ட கட்டியாச்சி. போகிக்கு வண்டி வருது." மங்கம்மா குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, அவன் கையில் ஷூவுக்கு மேல் வைத்தாள். "புடி. கூடைல போடு."

"அப்ப ப்ளாட்டு?"

"கல்லு நடறவங்களயும் கூட்டியா. நின்னுக்கினு நடக்கூடாது, சுத்திக்கினே நடணும்னு சொல்லி வெச்சிடு."

மோகன்குமார் பனைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். மங்கம்மா நடையை நிறுத்தாமல், முன்னால் போகிறவரைப் பார்த்து, "யோவ், வலதுபக்கம் நாலு செடி வுட்டுட்டுப் போற," என்றாள்.

"அடுத்த சுத்துல எடுத்துக்கறேன்," என்றார் வீராசாமி.